அன்று மழை பெய்யவில்லை

சாமி,

இந்தக் கடிதத்தை முதலில் உன் கையில்தான் கொடுக்கிறேன். எங்கள் பத்திரிகையின் ஞாயிற்றுக்கிழமை இதழில் இது அச்சாகலாமா என்பதை நீ சொல்ல வேண்டும். அது உன் அம்மா போட்ட நிபந்தனை. "அவனக் கேக்காம அவனப் பத்தி ஒருக்கா பேப்பர்ல எழுதுனீங்க, அது போதுமுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் தாளும் பேனாவும் எடுத்துக் கொடுத்தாள். ஆகவே உன்னைத் தவிர வேறு யாராவது இப்போது இதைப் படித்துக்கொண்டிருந்தால், நீ சரி என்று சொல்லியிருக்கிறாய் என்று அர்த்தம். உன் பெயரையும், உன் படத்தின் பெயரையும், நீ படித்த பள்ளியின் பெயரையும் எழுதப் போவதில்லை. மற்றவற்றை நடந்தபடியே எழுதுகிறேன்.

திங்கட்கிழமை உன் முதல் படத்தின் முதல் நாள். நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பையன் ஓராண்டுக்குள் எப்படி வளர்கிறான் என்பதுதான் கதை. அன்று எடுக்கப் போவது படத்தின் கடைசிக் காட்சி. விடுதியிலிருந்து ஓடிவந்த பையனைத் திருப்பி விடப் போன அப்பா, பள்ளி கேட்டுக்கு முன்னால் மனம் மாறி, கொட்டும் மழையில் அவனைக் கட்டிப்பிடித்து, வண்டியைத் திருப்பி வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வருகிறார். கடைசிக் காட்சியை ஏன் முதலில் எடுக்கிறாய் என்று கேட்டேன். படம்பிடிக்க இடம் தந்த பள்ளிக்கு அந்த வாரம்தான் விடுமுறை, மழை பெய்விக்கிற தண்ணீர் வண்டிகளும் அந்த வாரம்தான் கிடைக்கின்றன என்றாய். இன்னொரு காரணமும் சொன்னாய். உன் படத்தில் அந்தப் பையனாக நடிக்கும் கவினுக்குக் குரல் உடையத் தொடங்கிவிட்டது. இரண்டு மாதம் தள்ளிப்போனால் படத்தில் அவனுக்கு இரண்டு குரல் வந்துவிடும், உதட்டுக்கு மேல் நிழல் விழுந்துவிடும். பையன் வளர்வதைப் பற்றிய படத்தை, பையன் வளர்ந்துவிடுவதற்குள் எடுத்து முடிக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லிச் சிரித்தாய். என்னால் சிரிக்க முடியவில்லை. உன் குரல் உடைந்ததை நான் ஃபோனில்தான் கேட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுதி ஃபோனிலிருந்து அழைப்பு வந்தது. வார்டன் பேசுகிறார் என்று நினைத்து "சொல்லுங்க சார்" என்றேன். "அப்பா, நாந்தானுங்க" என்றாய்.

நீ படிக்கக் கொடுத்த திரைக்கதையை இரண்டு முறை படித்தேன். தொழில் பழக்கம், கையில் பென்சிலோடுதான் படித்தேன். இந்த வகைப் படங்களுக்கென்று சில சாமான்கள் உண்டு என்பது எனக்கும் தெரியும், சேலம் தியேட்டர்களில் நானும் வரிசையில் நின்றவன்தான். ஒரு சைக்கிள், டியூஷனில் பக்கத்து பெஞ்சுப் பெண், கடைசிப் பரீட்சை முடிந்ததும் சட்டையில் மை தெளிப்பது, வளர்ந்த பிறகு திரும்பிப் பார்த்துப் பேசுகிற பின்னணிக் குரல், முப்பதை நெருங்கும் நடிகர் மீசையை மழித்துக்கொண்டு பத்தாம் வகுப்பில் உட்கார்வது. இவற்றில் பெரும்பாலானவற்றை நீ தள்ளிவிட்டாய். பதினான்கு வயதுக்குப் பதினான்கு வயதுப் பையனையே ஊர் ஊராகத் தேடி, ஜலகண்டாபுரத்து விசைத்தறிக்காரர் ஒருவரின் மகனைக் கண்டுபிடித்தாய். அவன் நடிப்பதற்கு அனுமதி கேட்டுக் கலெக்டர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாய். அவன் அம்மா படப்பிடிப்பு முழுக்கக் கூடவே இருக்க ஏற்பாடு செய்தாய். எழுத்திலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. விடியுமுன் அடிக்கிற மணி, தட்டோடு நிற்கும் வரிசை, டெஸ்ட் மார்க்கை மைக்கில் வாசிப்பது, மார்க் குறைந்தவன் நின்றுகொண்டே சாப்பிடுவது, எல்லாம் இருந்தபடி இருக்கின்றன. என் பென்சிலுக்கு வேலை வந்தது கடைசி ஆறு பக்கத்தில்தான். அந்த ஆறு பக்கத்தில் நீ என்னை எழுதியிருக்கிறாய். நான் செய்யாத ஒன்றைச் செய்தவனாக எழுதியிருக்கிறாய்.

போன ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு ஒத்திகை என்று கூப்பிட்டாய். ஆத்தூர் பக்கம் நீங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் பழைய ஜவ்வரிசி ஆலைக்கு வந்தேன். மாவு காயவைத்த சிமெண்ட் களம் உன் கதையில் பிரேயர் மைதானம் ஆகியிருந்தது. கிடங்குக்குள் இரும்புக் கட்டில்களை அடுக்கி விடுதி செய்திருந்தீர்கள். சுவரிலிருந்து கிழங்கு மாவின் புளிப்பு வாசனை இன்னும் போகவில்லை. உன் தயாரிப்பாளர் எனக்கு நாற்காலி போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். திருச்செங்கோட்டுக்காரர், ரிக் வண்டிகள் வைத்து ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போடுகிறவர், வெள்ளை மனசு. அவராகவே ஆரம்பித்தார்.

"ஏனுங்க, தம்பி மொதல்ல வேற முடிவு எழுதியிருந்தாருங்க. அப்பங்காரன் பையனக் கேட்டுக்குள்ள உட்டுப்போட்டுப் போயிருவானாமா. நாந்தான் வேண்டாமுன்னேன். ஆயிரம் அடி எறக்கியும் தண்ணி வரலைன்னா தோட்டத்துக்காரரு எம்மூஞ்சிய மறுக்காப் பாப்பாருங்களா? படமும் அதாட்டத்தானுங்க. கடைசில கண்ணுல தண்ணி வந்தே ஆகோணும்."

"அதுக்கு இவன் என்னங்க சொன்னான்?"

"ஒண்ணுமே சொல்லலீங்க. சண்ட போடுவாருன்னு பாத்தேன். மக்யா நாளே மாத்தி எழுதிக் கொண்டாந்து குடுத்துப்போட்டாரு."

அவர் சொல்லித்தான் தெரிந்தது, நீ முதலில் எழுதியது உண்மையை என்று. ஒரு வசனத்துக்காக மூன்று நாள் வாதாடுகிற நீ இதை மட்டும் ஏன் ஒரே நாளில் விட்டுக்கொடுத்தாய் என்று உன் அம்மாவிடம் கேட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்காமலே சொன்னாள். "'அப்பா தியேட்டர்ல உக்காந்து அதப் பாக்கோணுமேம்மா'ன்னானுங்க."

அந்த ஒத்திகையில் இன்னொன்றும் நடந்தது. கடைசிக் காட்சிக்குக் கவின் அழ வேண்டும், அவனுக்கு அழுகை வரவில்லை. நான்கு தடவை முயன்றான். ஐந்தாவது தடவைக்கு முன் உன் உதவி இயக்குநர் ஒருவர் அவன் காதில் ஏதோ சொன்னார். பையனின் முகம் அப்படியே உடைந்தது. தேம்பித் தேம்பி அழுதான். நீ மானிட்டரிலிருந்து நிமிராமலே "சூப்பர், சூப்பர்" என்றாய். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். பின்பக்கம் குழாயடியில் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த அவன் அம்மா சத்தம் கேட்டு ஓடிவந்தார். "ஏங்கண்ணு, என்னாச்சு?" என்றார். அவன் அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு, "நீ என்னிய உட்டுட்டு ஊருக்குப் போயிட்டேன்னு அந்த அண்ணன் சொல்லுச்சு" என்றான். நான் அவர்களுக்குப் பத்தடி தள்ளி நின்றேன், சொல் பிசகாமல் கேட்டேன். உனக்கு அது கேட்டிருக்காது. நீ அதற்குள் அடுத்த ஷாட்டுக்குப் போய்விட்டாய்.

உன்னை அதட்டும் தகுதியோடு இதை எழுதவில்லை. அந்த வேலையை உனக்கு முன்னால் செய்தவன் நான். பரீட்சை முடிவு வருகிற நாள் நாமக்கல் வட்டாரத்தில் செய்தியாளர்களுக்குத் திருவிழா என்பது உனக்குத் தெரியும். முதல் மதிப்பெண் எடுத்த பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, "ஒன், டூ, த்ரீ" சொல்லிக் குதிக்க வைத்துப் படம் எடுப்போம். அப்பாவும் அம்மாவும் லட்டை ஊட்டுவார்கள். கடித்துவிடக் கூடாது, வாயிலேயே வைத்திருக்க வேண்டும், எல்லா ஃபோட்டோகிராபருக்கும் கிடைக்கும்வரை. ஒரு வருஷம் ஒரு பெண், வரிசையில் கடைசியில் நின்றவள், சரியாகக் குதிக்கவில்லை. அவளால் மற்றவர்கள் எல்லோரும் ஏழு தடவை குதித்தார்கள். ஏழாவது தடவை அவள் சிரித்தாள், படம் நன்றாக வந்தது. இறங்கி வரும்போது என்னிடம் கேட்டாள்: "சார், இப்பவாச்சும் ஊட்டுக்குப் போலாமுங்களா?" முதல் பக்கத்தில் அந்தப் படம் வந்தது. கீழே நான் எழுதிய வரி, மகிழ்ச்சியில் துள்ளிக் குதித்த மாணவிகள். அவள் கேட்டது என் குறிப்பேட்டில் இருந்தது. செய்தியில் இல்லை.

குறிப்பேடுகளை நான் தூக்கிப் போடுவதில்லை. நீ ஓடிவந்த நாளின் குறிப்பேட்டையும் தேடி எடுத்தேன். வெள்ளிக்கிழமை, மதியம் பன்னிரண்டு பத்து, கொண்டலாம்பட்டி ரவுண்டானா என்று இருக்கிறது. முட்டை லாரிக்காரர் ஒருவர் எனக்கு ஃபோன் செய்திருந்தார். வண்டியை எடுத்துக்கொண்டு அஸ்தம்பட்டியிலிருந்து வந்து பார்த்தபோது நீ லாரியின் நிழலில் நின்றிருந்தாய். திரைக்கதையில் பையன் மார்போடு ஒரு கவிதை டைரியை அணைத்தபடி ஓடுகிறான். உன் கையில் இருந்தது கணக்கு டெஸ்ட் நோட்டு. நோட்டோடு போனால் வாட்ச்மேன் கேட்க மாட்டார் என்று எடுத்து வந்ததாக அம்மாவிடம் சொன்னாய். அந்த ஓட்டுநர் பேசியதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

"உங்க பையனுங்களா? புதுச்சத்திரம் பக்கம் ரோட்டோரமா நடந்துட்டு இருந்தானுங்க. பேரக் கேட்டா வாயத் தொறக்கல. உங்க நெம்பர மட்டும் மனப்பாடமாச் சொன்னான். பன்னு வாங்கிக் குடுத்தேன், பாதியத் தின்னான். அடிச்சுப்போடாதீங்க சார்."

சொல்லிவிட்டு உன் தோளில் கை வைத்து என் பக்கம் லேசாகத் தள்ளிவிட்டார். அன்று உன்னைத் தொட்ட ஆண்பிள்ளை அவர் ஒருவர்தான். நான் வண்டியை ஸ்டார்ட் செய்து "ஏறு" என்றேன். வீட்டில் அம்மா உனக்குச் சோறு போட்டாள். நான் பள்ளிக்கு ஃபோன் செய்து, மாலைக்குள் கொண்டு வந்து விடுகிறேன் என்றேன். அம்மா சமையலறை வாசலை மறித்து நின்று, "ஏனுங்க, ஊட்டுக்கு வந்த புள்ளைய ஒரு நாள் வச்சிருந்து என்ன ஏதுன்னு கேக்கலாமுல்லீங்க" என்றாள். "கேட்டா இவன் ஏதாச்சும் சொல்லுவான், அப்பறம் அனுப்ப முடியாது" என்றேன். இதைச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீ ஏதாவது சொல்லிவிடுவாய் என்று தெரிந்துதான் கேட்கவில்லை.

இரண்டரைக்குக் கிளம்பினோம். நான்கு ஐந்துக்குக் கேட். அன்று மழை பெய்யவில்லை. வெயில் கொளுத்தியது, உன் காது மடல்கள் சிவந்திருந்தன. நீ பின் சீட்டிலிருந்து இறங்கி என்னிடம் கேட்டாய்: "அப்பா, நான் என்ன பண்ணுனேன்னு கேக்கவே இல்லீங்களே?" நான் சொன்னேன்: "மொதல்ல உள்ள போ சாமி. ஞாயித்துக்கெழம வாரேன். வந்து எல்லாம் பேசிக்கலாம்." நீ தலையாட்டினாய். டெஸ்ட் நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வாட்ச்மேன் நீட்டிய நோட்டில் நீயே கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனாய். அழவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. நான் வண்டியைத் திருப்பினேன். நடந்தது அவ்வளவுதான்.

ஏன் திருப்பி விட்டேன் என்பதை உன் படிப்பு, உன் எதிர்காலம் என்று இத்தனை வருஷமாகச் சொல்லிவந்தேன். அது பொய். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் பத்திரிகையின் கல்விச் சிறப்பிதழில் உன் பள்ளியைப் பற்றி நான் எழுதிய முழுப் பக்கக் கட்டுரை வர இருந்தது. ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிடுவதைப் பாராட்டி எழுதியிருந்தேன். கடைசிப் பத்தியில், 'என் மகனையும் இங்கேதான் சேர்த்திருக்கிறேன், அவன் மகிழ்ச்சியாக இருக்கிறான்' என்று முடித்திருந்தேன். வெள்ளிக்கிழமை மதியம் பக்கம் தயாராகிவிட்டது. ஒரு ஃபோன் செய்து அந்த வரியை எடுக்கச் சொல்லியிருக்கலாம். எனக்கு வரியை மாற்றுவதைவிட உன்னைத் திருப்பி அனுப்புவது சுலபமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் வரவும் இல்லை. காலையிலிருந்து ஃபோன் வந்துகொண்டே இருந்தது. பிள்ளைகளை அங்கே சேர்க்கலாமா என்று தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் கேட்டார்கள். சேருங்கள் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த மாதம் வந்தபோது வாட்ச்மேன் என்னிடம் சொன்னார்: "அந்த ஞாயித்துக்கெழம ஒம்பது மணிக்கே வந்து கேட்டுக்கிட்ட நின்னானுங்க. சோத்துக்கு மணியடிச்சும் போவல. பொழுதெறங்குற வரைக்கும் நின்னான்." நீ என்னிடம் அதைச் சொன்னதே இல்லை. அதன் பிறகு எதையுமே சொன்னதில்லை. ஒரு வருஷம்தான் என்று சேர்த்த உன்னை நான்கு வருஷம் அங்கே வைத்திருந்தேன்.

பத்திரிகையில் தவறான செய்தி போட்டால் அதே பத்திரிகையில் திருத்தம் போட வேண்டும். நான் பழகிய தொழிலின் ஒழுங்கு அது. பிறர் தவறுக்கு நிறையத் திருத்தம் எழுதியிருக்கிறேன். இது என்னுடையது. என் மகன் மகிழ்ச்சியாக இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தே அச்சிட்டேன்.

இப்போது திங்கட்கிழமை விஷயம். மழை வண்டிகளை வேண்டாம் என்று சொல்லிவிடு. நீ முதலில் எழுதிய ஆறு பக்கத்தை எடு. கட்டிப்பிடிப்பதை எடுக்காதே, வெட்டிப் பார்த்து முடிவு செய்யலாம் என்று இரண்டு விதமாகவும் எடுக்காதே. எடுத்து வைத்தால் அது உள்ளே வந்துவிடும், செய்தி அறையிலும் அப்படித்தான். தியேட்டரில் நான் உட்கார்ந்து பார்க்க வேண்டுமே என்று யோசித்தாய் அல்லவா, பார்ப்பேன். ஓடிவந்த பிள்ளையைத் திருப்பி விட்ட அப்பன்மார் இந்த மாவட்டத்தில் நான் ஒருவன் மட்டும் இல்லை. அவர்களும் பார்க்கட்டும். படத்தில் அந்த அப்பன் கட்டிப்பிடித்துவிட்டால், நாங்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தோம் என்று நினைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தபடி வெளியே வந்துவிடுவோம். தயாரிப்பாளரிடம் நான் பேச மாட்டேன். அவரிடம் பேச வேண்டியவன் நீ. கோபித்துக்கொள்வார், படத்தை நிறுத்துவேன் என்றும் சொல்லலாம். உறுதியாக நில். தண்ணீர் இல்லாத இடத்தில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்லி அவர் இதுவரை ஒரு தோட்டத்திலும் ரிக்கை நிறுத்தியிருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. அதை அவரிடமே கேள்.

படப்பிடிப்புக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமையே, கவினையும் அவன் அம்மாவையும் போய்ப் பார். அந்த அழுகை எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாது என்பதையும், தெரிந்த பிறகு வெட்கப்படுகிறாய் என்பதையும் இரண்டு பேரிடமும் சொல். உதவி இயக்குநரையும் கூட்டிக்கொண்டு போ. அவனை ஏமாற்றி இனி ஒரு சொட்டுக் கண்ணீரும் எடுப்பதில்லை என்று அவனுக்கு வாக்குக் கொடு. கொடுப்பது கஷ்டமாகவும் இருக்காது. அன்று கேட்டுக்கு முன்னால் நீ அழவில்லை. கவினும் அழ வேண்டியதில்லை. அவன் தலையாட்டிவிட்டு, நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தால் போதும். அது அவனுக்கு வரும்.

உன் கலை இயக்குநர் என் பழைய மோட்டார் சைக்கிளைக் கேட்டிருந்தார், அன்று நான் உன்னை ஏற்றிக்கொண்டு போன அதே வண்டி. டெம்போவில் ஏற்றி அனுப்பச் சொன்னார். அனுப்பப் போவதில்லை. செயினும் பிரேக்கும் பார்த்து வைத்துவிட்டேன், அஸ்தம்பட்டியிலிருந்து நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன். அன்று வந்த அதே வழி, கொண்டலாம்பட்டி, மல்லூர், ராசிபுரம். கேட்டுக்கு முன்னால் அதை எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துவது என்று என்னிடம் கேள், காட்டுகிறேன். அது வீட்டுப் பக்கம் திரும்பும்போது பின் சீட்டில் யாரும் இருக்கக் கூடாது.

காலை ஆறு மணிக்குக் கேட்டில் இருப்பேன். இதை உன் அம்மாவிடம் சொன்னபோது, "அவங்கிட்ட வாரேன்னு சொல்லாதீங்க. போய் நில்லுங்க" என்றாள். சொல்லிவிட்டேன். நிற்கவும் செய்வேன்.

அப்பா